ஊர்ச் சமுதாயக் கூடத்தை நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஊர்ச் சமுதாயக் கூடத்தின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், வெள்ளையடிப்பதையும் நாற்காலி வாங்குவதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சாவி, தேதிப் புத்தகம், பணம் ஆகிய மூன்றும் எங்கே இருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கூடம் மெல்ல மெல்ல அந்த வீட்டின் திண்ணையாகிவிடும். அவரோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் தேதி கேட்டு வரமாட்டார்கள். காதுகுத்தை வெயிலில் பந்தல் போட்டு நடத்திக்கொள்வார்கள். கூடம் பூட்டியே கிடக்கும். பூட்டிக் கிடக்கும் கட்டடம் புழங்கும் கட்டடத்தைவிடச் சீக்கிரம் பாழாகும்.

ஆகவே முதல் வேலை இது. சாவி ஒருவரிடம் இருக்கட்டும், தேதிப் புத்தகம் இன்னொருவரிடம், பணம் வங்கியில், வங்கிப் புத்தகம் மூன்றாமவரிடம். மூன்று பேரும் வெவ்வேறு தெருக்காரர்களாக இருப்பது நல்லது. மாற்றுச் சாவி ஒன்று கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். இவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கூடத்தின் கதவிலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், செலவும் கிடையாது.

இடம் யாருடையது?

இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் விடை இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்காதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலும் இரண்டு வகைக் கூடங்களைப் பார்க்கிறோம்.

ஒன்று, ஊராட்சிக்குச் சொந்தமானது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலோ, ஊராட்சி ஒன்றியத்தின் நிதியிலோ கட்டப்பட்டிருக்கும். கல்வெட்டில் எந்த ஆண்டு, எந்தத் திட்டம் என்பது பொறித்திருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய கூடத்தின் வாடகை ஊராட்சியின் வருமானம். உங்கள் குழு அதைப் பராமரிக்கலாம், தேதி ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான தீர்மானம் வேண்டும். தலைவர் வாய்மொழியாக “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னது அடுத்த தேர்தல் வரைதான் செல்லும்.

இரண்டாவது, ஊரார் வரி போட்டு, அல்லது ஒரு குடும்பம் இடம் கொடுத்து, தாங்களே கட்டிக்கொண்டது. இதில்தான் சிக்கல் அதிகம். “தாத்தா ஊருக்குக் கொடுத்த இடம்” என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரம் மட்டும் இருக்காது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்திலிருந்து இருந்துவரும் விதி. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அதை ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். கொடுத்தவர் இன்று இருக்கிறார் என்றால் இந்த மாதமே சார் பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுகள் அனைவரிடமும் பேசி, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுப் புதிய பத்திரம் எழுத வேண்டியிருக்கும். பேரன்களுக்குள் பாகப் பிரிவினை வரும் வரை காத்திருந்த ஊர்கள் நீதிமன்றத்துக்கு அலைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். வில்லங்கச் சான்று, பட்டா நகல், புல வரைபடம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டமும் உண்டு. உங்கள் கூடத்துக்கு உரிமம் இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூடத்தை நடத்தும் சங்கத்தில் யார் சேரலாம்?

பல ஊர்களில் வழக்கம் தலைக்கட்டுக் கணக்கு. மணமான ஓர் ஆண், ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. கோயில் திருவிழாவுக்குப் போடும் இந்தக் கணக்கை அப்படியே கூடத்துக்கும் எடுத்துவைத்துவிடுகிறார்கள். அதனால் விடுபட்டுப் போகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: கணவனை இழந்த பெண், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர், மணமாகாத மூத்த பெண், வாடகைக்குக் குடியிருக்கும் ஆசிரியர், செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்து ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பம். இவர்களும் அந்தக் கூடத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள், பந்தி பரிமாறுகிறார்கள், ஆனால் பேச்சுரிமை இல்லை.

சமுதாயக் கூடத்துக்குத் தனிநபர் உறுப்பினர் முறைதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஊரில் குடியிருக்கும் 18 வயது நிறைந்த யாரும் உறுப்பினராகலாம் என்று விதியில் எழுதுங்கள். சந்தா கூலி வேலைக்குப் போகிறவரால் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகையாக இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கொடுத்தால் அதை நன்கொடையாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகக் கூடுதல் வாக்கு கிடையாது. செயற்குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின. அன்றிலிருந்து நம் கிராமத்துப் பெண்கள் தீர்மானப் புத்தகம் எழுதுவதிலும் வரவு செலவு பார்ப்பதிலும் எடுத்திருக்கும் பயிற்சி சாதாரணமானதல்ல. உங்கள் ஊர்க் குழுவில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் ஒருவரைப் பொருளாளராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உறுப்பினர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும்போது ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் போக வேண்டும். காலனிக்குப் போகாமல் தயாரித்த பட்டியல் ஊர்ப் பட்டியல் ஆகாது. “அவர்களுக்குத் தனிக் கூடம் இருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். தனிக் கூடம் இருப்பது இந்தக் கூடத்தின் கதவை அடைக்கக் காரணம் இல்லை. பொதுப் பயனுக்கு உள்ள இடத்தில் தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. சட்டத்துக்குப் பயந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை, ஆனால் கூட்டத்தில் எதிர்ப்பு வரும்போது சட்டத்தை எடுத்துச் சொல்லும் துணிவு செயலாளருக்கு இருக்க வேண்டும்.

பதிவு

குழு தானே, எதற்குப் பதிவு என்று விட்டுவிடாதீர்கள். வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, நன்கொடை, வழக்கு எதுவானாலும் பதிவு செய்த சங்கத்தின் பெயர் கேட்கப்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். சங்க விவர அறிக்கை, துணை விதிகள் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் சில ஆண்டுகள் விட்டுவிட்டால் பிறகு அபராதத்தோடு மொத்தமாகச் செய்ய நேரும். சங்கத்தின் பதிவுக்கே ஆபத்து வரும்.

துணை விதிகளை எழுதித் தருபவரிடம் மாதிரிப் படிவம் இருக்கும். அதில் பத்துப் பக்க நோக்கங்கள் இருக்கும். உங்கள் கூடத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. தேதி ஒதுக்கும் முறை, வாடகையை யார் மாற்றலாம், காசோலையில் எந்த இருவர் கையெழுத்திடுவது, சங்கம் கலைந்தால் கட்டடம் யாருக்குப் போகும் ஆகிய நான்கையும் நீங்களே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தேதி கொடுப்பது

கூடத்தைப் பற்றி ஊரில் எழும் சண்டைகளில் பாதிக்கு மேல் தேதியில்தான் தொடங்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளை நான்கு வீடுகள் கேட்கும். ஆடியிலும் மார்கழியிலும் கேட்பார் இருக்காது. ஆகவே விதி எளிமையாக, விலக்கு இல்லாமல் இருக்க வேண்டும். யார் முதலில் முன்பணம் கட்டி ரசீது வாங்குகிறாரோ அவருக்கே தேதி. வாய்ச்சொல்லில் “எழுதி வையுங்கள், பிறகு தருகிறேன்” என்பதற்கு இடமில்லை. தேதிப் புத்தகத்தில் பென்சில் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அடித்தல் திருத்தல் இருந்தால் இருவர் கையெழுத்து வேண்டும். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவும் வாட்ஸ்அப் குழுவில் அன்றே படமாகப் போகட்டும். கூடத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதுங்கள்.

ஒருவருக்குத் தேதி மறுத்தால் அதையும் எழுத வேண்டும். யார் கேட்டார், எந்த நாள், ஏன் கொடுக்கவில்லை. இந்தப் பதிவை யாரும் விரும்பமாட்டார்கள், ஆனால் ஓராண்டு கழித்து அதைப் புரட்டினால் உங்கள் கூடம் யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு எப்போதும் “அன்று முடியாது” என்று சொல்கிறது என்பது தெரிந்துவிடும். பொதுக்குழுவில் அதை வாசியுங்கள்.

துக்க காரியங்களுக்குத் தனி ஒழுங்கு வேண்டும். கருமாதிக்குக் கூடம் தரலாமா, மறுநாள் கல்யாணம் இருந்தால் என்ன செய்வது என்று நிச்சயம் கேள்வி வரும். கொடுக்கலாம், கழுவிவிட்டு மறுநாள் கல்யாணம் நடத்தலாம் என்று முன்பே தீர்மானம் போட்டுவிட்டால் துக்க வீட்டுக்காரர் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்காது. மழைக்காலத்தில் சாவு விழுந்த குடிசை வீட்டுக்கு இந்தக் கூடம் எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்து முடிவெடுங்கள்.

அரசியல் கட்சிகளுக்குக் கொடுப்பதென்றால் எல்லாக் கட்சிக்கும் ஒரே வாடகை. கூட்டம் முடிந்ததும் கொடியும் பதாகையும் அன்றிரவே இறங்க வேண்டும். வெளியே கட்டும் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். காலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. இது மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, நீங்கள் புதிதாகப் போடும் கட்டுப்பாடு அல்ல. விசேஷ வீட்டுக்காரரிடமும் முதலிலேயே அப்படிச் சொல்லிவிடுங்கள்.

வாடகையும் ஒப்படைப்பும்

வாடகையை முடிவு செய்யும்போது பக்கத்து டவுன் கல்யாண மண்டபத்தைப் பார்க்காதீர்கள். ஓராண்டில் மின் கட்டணம், துப்புரவுக் கூலி, தண்ணீர், பழுது எல்லாம் எவ்வளவு ஆகிறது என்று எழுதி, எதிர்பார்க்கும் விசேஷங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக ஆண்டுச் செலவு 60,000 ரூபாய், 30 விசேஷங்கள் என்றால் அடக்கமே 2,000 ரூபாய். அதன் மேல் கால் பங்கைப் பழுது நிதியாகச் சேர்த்து 2,500 என்று வைக்கலாம். மின்சாரத்துக்கு மீட்டர் கணக்குத் தனியாக வாங்குவது நியாயம். சீரியல் விளக்கு ஊரெல்லாம் போடுபவரும் இரண்டு டியூப் லைட் போடுபவரும் ஒரே தொகை கொடுக்க வேண்டியதில்லை. வளைகாப்பு, பெயர் சூட்டு போன்ற அரை நாள் நிகழ்ச்சிகளுக்கு அரை வாடகை. ஊராட்சிக் கூடமாக இருந்தால் தொகையை ஊராட்சி மன்றமே தீர்மானிக்கும். உங்கள் கணக்கை அவர்களிடம் கொடுங்கள்.

முதல் நாள் மாலை சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரரை உடன் நிறுத்தி எண்ணிக் கொடுங்கள்: அண்டா, தவலை, வாளி, கரண்டி, ஜல்லிக் கரண்டி, நாற்காலி, மேசை, ஜமக்காளம், மின்விசிறி, மீட்டரின் அளவு. ஒரே தாளில் கொடுத்தது, திரும்பியது என்று இரு பத்தி, இருவர் கையெழுத்து. தொலைந்த கரண்டிக்கு முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்ற விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். மீதி முன்பணத்தை மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் தாமதம் செய்யும் சங்கத்தின் பெயர் ஒரு பருவத்திலேயே கெட்டுவிடும்.

தண்ணீர், கழிப்பறை, மின்சாரம்

கூடம் கட்டும்போது மேடைக்குக் காட்டும் அக்கறையைக் கழிப்பறைக்குக் காட்டுவதில்லை. கல்யாணத்துக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது எதனால் என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தனி வழி, உள்ளே தாழ்ப்பாள், வெளிச்சம், ஓடும் தண்ணீர், மூடியுள்ள குப்பைக் கூடை இந்த ஐந்தும் இல்லாமல் புதிய சீலிங் வேலைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வயதானவர்களுக்காக ஒன்றிலாவது மேல்நாட்டுக் கழிப்பிடமும் கைப்பிடியும் இருக்கட்டும். வாசலில் படிக்குப் பக்கத்தில் சாய்தளமும் வேண்டும்.

கழிவுத் தொட்டி நிறைந்தால் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரையும் பறிக்கும். “கொஞ்சம்தான், குச்சியால் தள்ளிவிடுவார்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள். கூடத்தைப் பெருக்கிக் கழுவும் தொழிலாளிக்கு மிஞ்சிய சோறு கூலி ஆகாது. கூலியைத் தொகையாக நிர்ணயித்து, வாடகையிலேயே சேர்த்து வாங்கி, அன்றே கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். கையுறையும் சங்கச் செலவு. விசேஷம் முடிந்து அவரும் பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிடட்டும்.

கை கழுவும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் தெருவில் ஓடாமல் உறிஞ்சு குழி வெட்டுங்கள். எச்சில் இலைக்கு மண் குழி. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் விரித்த இலை எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடையைச் சொன்னால் மட்டும் போதாது. கூடத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் 300 வாங்கி வைத்தால் யாரும் வெளியே வாங்கமாட்டார்கள்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். வெளியிலிருந்து வரும் சீரியல் லைட்டுக்காரர் ஒயரைச் சீவி நேராகச் சொருகுவார், கீழே ஈரத் தரை. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும், முப்பது மில்லி ஆம்பியர் அளவுள்ள கசிவு துண்டிப்பான் (RCCB) ஒன்றை மெயின் போர்டில் பொருத்துங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சமையலறை சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமாக. தீயணைப்பான் சமையலறைக் கதவருகே இருக்க வேண்டும், அடுப்புக்கு மேலே அல்ல. விசேஷம் நடக்கும்போது பின் கதவைப் பூட்டி அதற்கு முன்னால் சீர்வரிசையை அடுக்குவதை எந்த வீட்டுக்காரருக்கும் அனுமதிக்காதீர்கள்.

பழுது பார்க்க ஆடி மாதம் தோதானது. முகூர்த்தம் இல்லை, வடகிழக்குப் பருவமழைக்கும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். மொட்டைமாடியில் உதிர்ந்த இலையை அள்ளுவது, வடிகுழாயைக் குத்தி விடுவது, விரிசல் அடைப்பது, தொட்டி கழுவுவது எல்லாம் அப்போதே. கொத்தனார்கள் அமாவாசையன்று வேலைக்கு வரமாட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து நாள் குறியுங்கள்.

கணக்கும் கூட்டமும்

வந்த பணம் எல்லாம் ரசீதோடு வங்கிக்குப் போக வேண்டும். செலவு வங்கியிலிருந்து எடுத்துத்தான். வசூலான ரொக்கத்திலிருந்து நேரே செலவு செய்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கம் நாணயமானவர்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு தொகையைப் பொருளாளரிடம் நிரந்தரமாக வைத்து, செலவானதை வவுச்சர் கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். மாத வரவு செலவை ஒரே தாளில் எழுதிக் கூடத்தின் பலகையில் ஒட்டுங்கள். ஊரில் கணக்குத் தெரிந்த, செயற்குழுவில் இல்லாத இருவர் அரையாண்டுக்கு ஒரு முறை புத்தகத்தைப் பார்க்கட்டும்.

மாதக் கூட்டத்தை மாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் நேரத்துக்குப் பிறகு வையுங்கள்; பெண்கள் எந்த நேரம் வர முடியும் என்று கேட்டு அதன்படி மாற்றுங்கள். ஒரு மணி நேரம் போதும். தீர்மானத்தை எழுதியதும் உரக்க வாசித்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வெற்றிடம் விட்டுப் பிறகு நிரப்பும் தீர்மானப் புத்தகத்தை நீதிமன்றம் மதிக்காது, ஊரும் மதிக்காது.

தன்னார்வலர்கள் களைத்துப் போவார்கள். எப்போதும் அதே நான்கு பேர் நாற்காலி தூக்கினால் மூன்றாம் ஆண்டில் யாரும் வரமாட்டார்கள். இருவர் இருவராக மாத முறை வையுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு மாதங்களில் முறை போடாதீர்கள்.

விசேஷமில்லாத நாள்கள்

ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் கூடம் காலியாக இருக்கும். அந்த நாள்கள்தான் உறுப்பினர்களைச் சங்கத்தோடு பிணைத்து வைக்கும். மாலை நேரப் படிப்பு, போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் இளைஞர்கள், மருத்துவ முகாம், கால்நடை முகாம், சுய உதவிக் குழுக் கூட்டம் இவை எல்லாவற்றுக்கும் வாடகை வேண்டாம். விளக்குச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாள்களைத் தேதிப் புத்தகத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கூடத்துக்குச் சுற்றுச்சுவரோ போர்வெல்லோ வேண்டும் என்றால் அதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஊரார் ஒரு பங்கு திரட்டினால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம் இத்தகைய வேலைகளுக்கு ஏற்றது. நிபந்தனைகளை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் புயலை மறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது டெல்டாவின் ஓட்டு வீடுகளிலும் குடிசைகளிலும் இருந்தவர்களுக்குப் பள்ளிகளும் கூடங்களுமே ஒதுங்கும் இடம். அக்டோபர் தொடங்கும் முன் தொட்டியை நிரப்பும் ஏற்பாடு, ஜெனரேட்டருக்கு டீசல், மெழுகுவத்தி, பாய், கயிறு, அரிவாள், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். நள்ளிரவில் சாவி கொடுக்க வேண்டியவர் யார் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களைக் கதவில் உள்ள பெயர்களுக்குக் கீழே எழுதுங்கள். புயல் இரவில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும். யாரையும் தாழ்வாரத்துக்கு அனுப்பக் கூடாது என்பதைப் புயல் வருவதற்கு முன்பே பொதுக்குழுவில் பேசி முடிவு செய்திருங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

உங்கள் மூன்றாண்டு முடியும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பழைய குழுவும் புதிய குழுவும் கூடத்திலேயே உட்காருங்கள். பத்திரக் கோப்பு, தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை, வங்கிப் புத்தகம், பாத்திரப் பட்டியல், திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணங்களின் பட்டியல், இதுவரை ஒதுக்கிய தேதிகள் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகிகள் மாறியதைப் படிவம் 7 வழியாக மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கியில் கையெழுத்தை மாற்றுவதற்கு இரு தரப்பும் சேர்ந்து போங்கள். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகியையும் அன்றே மாற்றுங்கள், கதவில் உள்ள பெயர்களை அழித்துப் புதிய பெயர்களை எழுதுங்கள்.